தெருவில் நடந்துகொண்டே வரைபடத்தை நிரப்பும் விளையாட்டு: புதிதாக வருபவர்களுக்கும் ஆள் சேர்ப்பவர்களுக்கும்

என் பெரியம்மா பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். மதுரையில் அவரை ஒரு மருந்துக்கடைக்கோ வங்கிக்கோ கூட்டிப்போக வேண்டுமென்றால், வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று முதல் நாளே நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எந்த வரைபடத்திலும் அந்தத் தகவல் கிடைக்கவில்லை. அப்படித் தேடியபோதுதான் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி கண்ணில் பட்டது. நீங்கள் தெருவில் நடக்கும்போது அது சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்கும். இந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி போகுமா? இந்த ரோடு தாரா, மண்ணா? இந்த பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை இருக்கிறதா? ஒரு பதிலுக்கு ஒரு நட்சத்திரம். பதிலெல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் போய்ச் சேரும். அதை யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

தனியாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் கல்லூரி மாணவர்கள் பதினெட்டுப் பேரைச் சேர்த்தேன். முதல் தடவை எல்லாம் கெட்டுப்போய், போட்ட பதில்களில் பாதியை நானே உட்கார்ந்து திருத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவைதான் வேலை நிலைத்தது. செயலியைப் பற்றி எனக்குத் தெரியாமல் போனது கொஞ்சம்தான். ஆட்கள் எதற்காக இதை விளையாட வருகிறார்கள், எதற்காகத் தொடர்கிறார்கள் என்பதை நான் தப்பாகக் கணக்குப் போட்டதுதான் பெரிய கோளாறு. நான் பட்டது உங்களுக்கு வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

1. கைபேசி, செயலி, செலவு

ஆண்ட்ராய்டு கைபேசி வேண்டும். செயலி இலவசம், விளம்பரமும் கிடையாது. பிளே ஸ்டோரிலும், எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிகளுக்கான களஞ்சியத்திலும் கிடைக்கிறது. குழுவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு எவ்ரிடோர் என்ற செயலியைச் சொல்லுங்கள். அது இரண்டு வகைக் கைபேசியிலும் ஓடும், கடைகளைச் சேர்க்க நல்லது. ஆனால் அதில் இந்தக் கேள்வி-நட்சத்திர விளையாட்டு இல்லை.

டேட்டா பெரிய விஷயமில்லை. புறப்படும் முன் வீட்டு வைஃபையில் செயலியைத் திறந்து, போகப்போகும் பகுதிக்கு வரைபடத்தை நகர்த்தி, அங்குள்ள கேள்விகளை இறக்கிவிடுங்கள். அப்புறம் இணைப்பு இல்லாமலேயே நடக்கலாம். பதில்கள் கைபேசியில் தங்கி, இணைப்பு கிடைத்ததும் ஏறிக்கொள்ளும். வைஃபையில் மட்டும் ஏறட்டும் என்றும் அமைப்பில் வைத்துக்கொள்ளலாம்.

செலவு வைப்பது பேட்டரிதான். ஜிபிஎஸ்ஸும் திரையும் சேர்ந்து எரிவதால், பழைய போன் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். ஒரு பவர் பேங்க் இரண்டு பேருக்குப் போதும். எனக்கு ஒரு நாள் நடைக்கு ஆன செலவு டீயும் தண்ணீர் பாட்டிலும் மட்டும்.

2. கணக்கு தொடங்குவது

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஒரு கணக்கு வேண்டும். ஆதார் கேட்க மாட்டார்கள், எந்தச் சான்றும் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. உறுதிசெய்யும் மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துவிடுவதுண்டு, அங்கேயும் பாருங்கள். எங்கள் குழுவில் நாலு பேர் அது வரவே இல்லை என்று ஒரு காலைப் பொழுதையே வீணாக்கினார்கள்.

கணக்கு இல்லாமலும் செயலி கேள்வி கேட்கும், நீங்களும் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் உள்நுழையும் வரை ஒரு பதிலும் வரைபடத்தில் ஏறாது. ஒரு மாணவி இரண்டு நாள் நடந்து நூற்றுக்கு மேல் பதில் சொன்னாள். போனில் இடம் போதவில்லை என்று செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினாள். அத்தனையும் போயிற்று. அதனால் முதல் கேள்விக்கு முன்பே உள்நுழைந்துவிடுங்கள்.

பயனர் பெயரில் சொந்தப் பெயரை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலும், எந்த நேரத்தில் ஏறியது என்பதோடு எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே தெருவில் பதில் போட்டால், உங்கள் வீடு எங்கே என்று யாரும் கண்டுபிடிக்கலாம். பெண் பிள்ளைகளிடம் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3. கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்

முதல் தடவை திறந்ததும் திரை முழுக்கக் குண்டூசி குத்தியது மாதிரி கேள்விகள் நிற்கும். பார்த்த மாத்திரத்திலேயே பலர் மூடி வைத்துவிடுவார்கள். அமைப்பில் கேள்வி வகைகளின் பட்டியல் இருக்கிறது. வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைக்கலாம்.

முதல் வாரத்துக்கு நான் சொல்வது மூன்று வகை: கடையின் பெயர், கடை திறக்கும் நேரம், சக்கர நாற்காலி போகுமா. இதற்குக் காரணம் இருக்கிறது. கடையின் பெயரைப் போட்டால் சில நிமிடங்களில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் வரைபடத்தில், நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தப் பெயர் எழுத்தாகத் தெரியும். கட்டடத்துக்கு எத்தனை தளம் என்று பதில் போட்டால் தரவில் இருக்கும், வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வந்தவருக்குத் தன் கை பட்டது கண்ணில் பட வேண்டும். முதல் நாளே அது நடந்துவிட்டால், இரண்டாம் நாள் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

வரைபடத்தில் இல்லவே இல்லாத கடையைச் சேர்க்கக் கேள்விகளுக்குள் தேடாதீர்கள். மேலடுக்குகள் என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் இடங்களுக்கான அடுக்கைத் திறந்து, கடை இருக்கும் இடத்தில் புள்ளி வைத்துச் சேர்க்க வேண்டும். நம் ஊர்களில் பாதிக் கடைகள் வரைபடத்தில் ஏறாதவை என்பதால் உங்களுக்கு இது அதிகம் தேவைப்படும்.

4. முதல் நடை

சொந்தத் தெருவில் தொடங்குங்கள். நாற்பது நிமிடம் போதும். எனக்குக் கடைவீதியில் ஒரு மணி நேரத்தில் அறுபது எழுபது பதில் வரும், வீடுகள் மட்டும் இருக்கும் தெருவில் முப்பது தாண்டாது.

நேரத்தைக் கேள்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரோடு, நடைபாதை, தெருவிளக்குக் கம்பம் இவற்றுக்குக் காலை ஆறரை முதல் எட்டரை வரை. கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. கடைகளுக்குப் பத்து மணிக்கு மேல், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல். மதியத்தில் ஷட்டர் இறங்கிய கடையைப் பார்த்து ‘இந்தக் கடை இப்போது இல்லை’ என்று பதில் போட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகள் பக்கம் போகவே வேண்டாம். எது நிரந்தரக் கடை, எது திருவிழாக் கடை என்றே தெரியாது.

நடந்துகொண்டே திரையைப் பார்க்காதீர்கள். ஓரமாக நின்று பதில் போட்டுவிட்டு அப்புறம் நடங்கள். கீழ மாசி வீதியில் ஒரு ஷேர் ஆட்டோ முழங்கையை உரசிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

5. பதில் சொல்லும்போது எங்கே சறுக்கும்

செயலி சின்னதாகக் கேட்பதால் பதிலும் சுலபம் என்று தோன்றும். நம் ஊர்த் தெருவுக்கு அது எப்போதும் பொருந்துவதில்லை. நான் சறுக்கிய இடங்கள் இவை.

மாடிக் கணக்கு. ‘ஒரு மாடி வீடு’ என்று நாம் சொல்வது தரைத்தளமும் அதன் மேல் ஒரு தளமும். செயலி தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. அதன்படி நம் ஒரு மாடி வீட்டுக்கு விடை இரண்டு. நான் முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தளத்தைக் குறைத்துப் போட்டிருந்தேன்.

கதவு எண். பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்கும் வீடுகள் நிறைய. இப்போது புழக்கத்தில் இருக்கும் எண்ணைப் போடுங்கள். எது புழக்கத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு தெருவில் ஒருவர் பழைய எண்ணையும் இன்னொருவர் புதிய எண்ணையும் போட்டு வைத்தால், எண்ணே இல்லாமல் இருந்ததைவிட மோசம்.

கடை நேரம். பலகையில் எழுதியிருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். ‘காலையில திறப்போம், ராத்திரி மூடுவோம்’ என்பார். மதியம் அடைப்பீர்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து நாலு வரை அடைக்கும் கடை ஏராளம், அதை அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பலகை இல்லை, கேட்கவும் ஆளில்லை என்றால் அதையே பதிலாகப் போட வழி இருக்கிறது. ஊகித்து எழுதாதீர்கள்.

சக்கர நாற்காலி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். செயலியில் மூன்று பதில் உண்டு: போகும், ஓரளவு போகும், போகாது. படியே இல்லாமல் இருந்தால்தான் ‘போகும்’. ‘ஓரளவு’ என்பது ஏழு சென்டிமீட்டருக்கு மிகாத ஒரே ஒரு படி. உங்கள் உள்ளங்கையின் அகலம், கட்டைவிரலைச் சேர்க்காமல், சுமாராக அவ்வளவு வரும். படியின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். நம் கடைகளின் முன்னால் சாக்கடை ஓடும், அதன் மேல் ஒரு கல் பலகை, அதைத் தாண்டி ஒரு படி, அப்புறம் வாசல்படி. பலகைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி. நடந்து போகிறவர் கண்ணுக்கு அது தட்டையாகத்தான் தெரியும். என் பெரியம்மாவின் நாற்காலி அதில்தான் மாட்டியது. ‘ரெண்டு பேர் தூக்கிவிட்டா ஏறிடலாம்’ என்று கடைப்பையன்கள் நல்ல மனதோடு சொல்வார்கள். தூக்க ஆள் வேண்டியிருந்தால் பதில் ‘போகாது’தான். சந்தேகம் வந்தால் கடுமையான பதிலைப் போடுங்கள். ‘போகும்’ என்று நம்பி வந்தவர் வெயிலில் வாசலில் நிற்பது அதைவிடக் கொடுமை.

ரோடு. தார், சிமெண்ட், பேவர் பிளாக், மண் என்று படத்தோடு கேட்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தால் இன்றைய கோலத்தைப் பார்த்து மண் ரோடு என்று போட்டுவிடாதீர்கள். குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது, படமும் இணைக்கலாம். ‘வேலை நடக்கிறது’ என்று தேதியோடு எழுதிவிட்டு நகருங்கள். குறிப்புகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், படத்தில் முகமும் வண்டி எண்ணும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வரைபடத்தைப் பார்த்து எழுதுவது. கூகுள் மேப்பில் கடையின் பெயரைப் பார்த்து இதில் போடுவது காப்புரிமை மீறல். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும்தான். இந்தச் செயலி அனுப்பும் பதில்கள் நேரில் பார்த்துச் சொன்னவை என்ற பெயரில்தான் ஏறுகின்றன. ஒரு கேள்விக்குத் தூரத்திலிருந்து பதில் போட்டால், நேரில் பார்த்தீர்களா என்று ஒரு முறை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பொய்யாக ஆமாம் போடுவதில்தான் எங்கள் முதல் முயற்சி கவிழ்ந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

தப்பாகப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். பின்வாங்கும் பொத்தான் இருக்கிறது, ஏற்கெனவே ஏறிவிட்ட பதிலையும் திரும்பப் பெறலாம்.

6. தெருவில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

கட்டாயம் கேட்பார்கள். கையில் போனோடு வீட்டை நிமிர்ந்து பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மாடியை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கி வந்து, “எதுக்குத் தம்பி மாடியை எண்ணுறீக? வீட்டு வரியை ஏத்தவா?” என்றார். அவர் பயம் நியாயமானது. அன்றிலிருந்து புதியவர்களுக்கு மாடிக் கேள்வியையும் கதவு எண் கேள்வியையும் அணைத்துவிடச் சொல்கிறேன். தெரு உங்களைப் பழகிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். நான் சொல்வது: “ஐயா, சக்கர நாற்காலியில் வர்றவங்களுக்குப் படியில்லாத கடை எதுன்னு மேப்ல குறிக்கிறோம்.” சொல்லிக்கொண்டே திரையைக் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் அவரே ‘அந்த முக்குக் கடையில படி இல்ல பாருங்க’ என்று காட்டிக்கொடுப்பார். கல்லூரி அடையாள அட்டையோ ஏதாவது ஓர் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். பெண்கள் இரண்டு பேராகப் போகட்டும். யாராவது வேண்டாம் என்றால் விவாதம் செய்யாமல் அடுத்த தெருவுக்குப் போங்கள்.

அனுமதி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பிறகு, வரைபடத் தகவல் திரட்ட இந்தியர்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த இடங்கள் மட்டும் விலக்கு. ராணுவ இடம், காவல் துறை வளாகம் போன்றவற்றின் பக்கம் போனைத் தூக்காதீர்கள், அவ்வளவுதான். பொதுத் தெருவில் நடப்பதற்கு எந்தத் தாளும் வேண்டாம்.

7. மற்றவர்களைச் சேர்ப்பது

தனியாக விளையாட விரும்புகிறவர்களுக்கு இதுவரை சொன்னதே போதும். ஆள் சேர்க்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் முயற்சியில் நான் செய்தது இது. பதினெட்டுப் பேரைக் கூட்டி, இரண்டு வாரத்தில் அதிக நட்சத்திரம் எடுப்பவருக்கு மூவாயிரம் ரூபாய் பரிசு என்றேன். முதல் மூன்று நாள் எண்ணிக்கை எகிறியது. எனக்குச் சந்தோஷம். நாலாம் நாள் முதலிடத்தில் இருந்த பையன் போட்ட பதில்களைப் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம் பதில், எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில், நகரத்தின் இரண்டு கோடிகளிலிருந்தும். சிம்மக்கல்லில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தை நகர்த்தி நகர்த்தி, எல்லா ரோட்டுக்கும் தார் என்றும் எல்லாக் கடைக்கும் சக்கர நாற்காலி போகும் என்றும் போட்டிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணிக்கைக்குத்தான் பணம் என்று நான் சொன்னேன், அவன் எண்ணிக்கையைக் கொடுத்தான். நான் மூன்று மாலை உட்கார்ந்து அதையெல்லாம் திரும்பப் பெற்றேன். பெரியம்மா போகும் மருந்துக்கடைக்கே ‘போகும்’ என்று இருந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. பரிசு அறிவித்ததால் நேர்மையாக நடந்தவர்களும் கெட்டார்கள். முதலிடம் கிடைக்காது என்று தெரிந்ததும் பத்துப் பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. தெருவில் நடந்து போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் கைபேசி விளையாட்டான போக்கிமான் கோ, 2017 டிசம்பரில் தன் வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துக்கொண்டது. பூங்கா இருக்கும் இடத்தில் போக்கிமான்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்று பேச்சு பரவியதும், சிலர் தங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத பூங்காக்களை வரைந்துவைத்தார்கள். அதே விளையாட்டின் வழியாக வந்தவர்களில் பலர் தங்கள் பகுதியின் நிஜமான நடைபாதைகளையும் பூங்காக்களையும் வரைந்து கொடுத்ததும் உண்டு. அதனால் விளையாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். எதற்குப் பரிசு வைக்கிறீர்களோ அதைத்தான் ஆட்கள் கொண்டுவருவார்கள்.

பரிசே இல்லாமல் ஆட்கள் குவிந்ததும் நம் கண் முன்னால் நடந்திருக்கிறது. 2015 கடைசியில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஒரு வரைபடம் அமைத்து, தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டுக் குறிக்கச் சொன்னார்கள். நட்சத்திரமும் இல்லை, பட்டியலும் இல்லை. தன் தெருவில் தண்ணீர் நிற்பதை இன்னொருவர் தெரிந்துகொண்டு வேறு வழியில் போகட்டும் என்ற எண்ணம் மட்டும்தான்.

இரண்டாம் முயற்சியில் பரிசை எடுத்துவிட்டேன். ஆறு பேர்தான் வந்தார்கள், அந்த ஆறு பேரும் விடாமல் தொடர்ந்தார்கள். எது அவர்களைத் தொடர வைத்தது என்று கவனித்தேன்.

சொந்தத் தெரு. ஒவ்வொருவரையும் அவரவர் வசிக்கும் வார்டிலேயே நடக்கவிட்டேன். தெரியாத தெருவில் அரை மணியில் அலுத்துப்போன அதே பெண், தன் தெருவில் இரண்டு மணி நேரம் நின்றாள். தான் சின்ன வயதில் மிட்டாய் வாங்கிய கடை வரைபடத்தில் இல்லை என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

யாருக்குப் பயன்படுகிறது என்பது. முதல் கூட்டத்தில் நான் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினேன். இரண்டாவதில் பெரியம்மாவையே கூட்டிப்போனேன். அவர் இரண்டே நிமிடம் பேசினார்: “வாசல்ல படி இருக்கான்னு தெரிஞ்சா, நான் உங்களையெல்லாம் தொந்தரவு பண்ணாம நானே கிளம்பிருவேன்.” அதற்கப்புறம் படியை அளக்காமல் யாரும் பதில் போடவில்லை. உங்கள் ஊரில் பார்வையற்ற ஒருவர், தள்ளுவண்டியில் குழந்தையைக் கூட்டிப்போகும் ஒரு தாய், மருந்து கொண்டு போகும் டெலிவரி பையன், யாராவது ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். அவர் பேசட்டும்.

சேர்ந்து நடப்பது. செயலியில் குழு முறை என்று ஒன்று இருக்கிறது. எத்தனை பேர், நீங்கள் எத்தனையாவது ஆள் என்று ஒவ்வொருவரும் தன் போனில் குறித்துவிட்டால், ஒரு பகுதியின் கேள்விகள் எல்லோருக்கும் பிரிந்து வரும். ஒரே கேள்விக்கு இருவர் மெனக்கெட வேண்டாம். எல்லோரும் ஒரே எண்ணிக்கையைக் குறித்திருக்கிறார்களா என்று புறப்படும் முன் பாருங்கள். ஒருவர் ஆறு என்றும் இன்னொருவர் ஐந்து என்றும் வைத்தால் பங்கீடு குழம்பிவிடும். எங்களுக்கு நடை முடிந்து ஜிகர்தண்டா குடிக்கும் அரை மணி நேரம்தான் பலரை அடுத்த வாரமும் வரவழைத்தது. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நட்சத்திரத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அது நன்றாக இழுக்கிறது. நூறைத் தொட்ட அன்று முகத்தில் ஒரு மலர்ச்சி வரத்தான் செய்கிறது. எந்த வகைக் கேள்விக்கு அதிகம் பதில் சொன்னீர்களோ அதற்கேற்ற பட்டங்களும் திறக்கும், நடைபாதை சம்பந்தமானது ஒன்று, சக்கர நாற்காலி சம்பந்தமானது ஒன்று என்று. நாட்டளவில் நீங்கள் எந்த இடம் என்றும் காட்டும். அவரவர் தன் கணக்கில் பார்த்துக்கொள்ளட்டும். அதை எடுத்து வாட்ஸப் குழுவில் தரவரிசையாகப் போடாதீர்கள். பதிலாக, அந்த வாரம் சேர்ந்த ஒரு கடையின் படத்தையும் அது வரைபடத்தில் தெரிவதையும் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

8. குழுவுக்கான தாள்களும் கால அளவும்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடப்பதற்கு எதுவும் வேண்டாம். வகுப்பு, நிறுவனம், தொண்டு அமைப்பு என்று ஒருவர் ஏவிப் பலர் செய்வதானால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளைக்கு ஒழுங்கமைத்த திருத்தப் பணிகளுக்கான நெறிமுறைகள் இருக்கின்றன. அதன்படி அவர்களுடைய விக்கியில் ஒரு பக்கம் தொடங்கி, யார் நடத்துகிறார்கள், எந்தப் பகுதி, என்ன நோக்கம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யாரைத் தொடர்புகொள்வது, பங்கேற்பவர்களின் பயனர் பெயர்கள் என்ன என்று எழுத வேண்டும். எழுத ஒரு மாலை ஆகும். இந்திய வரைபடக்காரர்கள் இருக்கும் குழுக்களிலும் அறிவித்துவிட்டு, ஆட்கள் கருத்துச் சொல்ல இரண்டு வாரமாவது விடுங்கள். நான் இதைச் செய்யாமல் தொடங்கினேன். வேறு ஊரில் இருந்த ஓர் அனுபவசாலி, எங்கள் தப்பான பதில்களைப் பார்த்துவிட்டு, யார் இவர்கள் என்று தெரியாமல் நாலு நாள் தேடியிருக்கிறார்.

கல்லூரி மூலமாகப் போனால், துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சட்டத்துக்காக இல்லை, திண்ணையில் கேட்கும் பெரியவருக்காக.

என் கணக்கில் ஒரு வார்டுக்கு, ஆறு பேர், வாரம் ஒரு காலை, இரண்டு மாதம். செலவு பவர் பேங்க் நீங்கலாக வாரம் நானூறு ரூபாய்க்குள். அவசரப்பட்டு ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால், மதியத்துக்கு மேல் எல்லோரும் பார்க்காமலே பதில் போட ஆரம்பிப்பார்கள். இரண்டு மணி நேரம் ஆனதும் நானே நிறுத்திவிடுகிறேன், எத்தனை கேள்வி மிச்சமிருந்தாலும்.

நடை முடிந்த அன்று இரவு, குழுவில் ஒருவர் பத்து பதில்களையாவது எடுத்து, மறுநாள் அந்த இடத்துக்குப் போய்ச் சரிபார்க்கட்டும். பத்தில் இரண்டு தப்பென்றால் அடுத்த வாரம் புதிய தெரு வேண்டாம், அதே தெருவைத் திரும்ப நடங்கள்.

9. கடிதம் வந்தால்

உங்கள் பதிலைப் பற்றி வேறொரு வரைபடக்காரர் கேள்வி எழுப்பினால் மின்னஞ்சல் வரும். புதியவர்கள் அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். பதில் சொல்லாமல் இருந்து அதே தப்பைத் திரும்பச் செய்தால் கணக்கை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளைக்கு உண்டு. ஒரு நாளுக்குள் இரண்டு வரி எழுதிவிடுங்கள். எனக்கு வந்ததெல்லாம் பொறுமையான கடிதங்கள்தான். மாடிக் கணக்கை எனக்குத் திருத்திக் கொடுத்ததே அப்படி வந்த ஒரு கடிதம்.

நீண்ட நாளாக யாரும் தொடாத கடைகளைப் பற்றி, ‘இது இன்னும் இருக்கிறதா’ என்று செயலி திரும்பவும் கேட்கும். நீங்கள் முடித்துவிட்ட தெருவிலும் கொஞ்ச காலம் கழித்து அந்தக் கேள்விகள் முளைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். போன வாரம் நாங்கள் போனபோது, இரண்டு படி இருந்த ஒரு மருந்துக்கடை வாசலில் சிமெண்டில் சாய்தளம் போட்டிருந்தார்கள். கையை வைத்துப் பார்த்தேன், ரோட்டோடு சேரும் இடத்தில் இடைவெளி இல்லை. பதிலை மாற்றிவிட்டு பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.